உடலிலேயே தங்கிவிடும் வைரஸ்கள்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

அக்கி, உதட்டுக் கொப்புளம், கர்ப்பகாலத் தொற்று, குழந்தைகளின் காய்ச்சல், உறுப்பு மாற்று என்று வெவ்வேறு நோய்நிலைகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். இவை அனைத்துக்கும் காரணம் ஹெர்ப்பிஸ் என்னும் ஒரே வைரஸ் குடும்பம். மனிதரிடம் வாழும் ஒன்பது வைரஸ்கள் இக்குடும்பத்தில் உள்ளன. இவற்றில் எது ஒருமுறை உடலுக்குள் நுழைந்தாலும் நோய் ஆறிய பின்னர் வெளியேறுவதில்லை. ஏதோ ஒரு வகை உயிரணுவுக்குள் ஒடுங்கி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிடுகிறது. இதைப் படித்ததும் அச்சம் கொள்ள வேண்டாம். பெரும்பாலானவர்களின் உடலில் இவ்வைரஸ்களில் சில இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அதை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 63. சென்ற மாதம் வலப்பக்க மார்பில் பட்டையாகக் கொப்புளங்கள் வந்தன. அக்கி என்று மருத்துவர் சொன்னார். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்துவிட்டன. ஆனால் சட்டை உரசினாலே எரிகிறது என்கிறார். சிறுவயதில் அவருக்குச் சின்னம்மை வந்திருக்கிறதாம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருப்பதால் அவரைத் தனி அறையில் வைத்திருக்கிறோம். அது சரியா?

பதில்: உங்கள் தந்தையை இன்றே அந்த அறையிலிருந்து வெளியே அழைத்து வாருங்கள். கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குத் தட்டிக் காய்ந்த பிறகு அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. குழந்தையை அவர் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். கொப்புளங்களில் நீர் இருந்த நாட்களில் நீங்கள் எச்சரிக்கையாக இருந்தது சரியே. அந்த நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கும். சின்னம்மை வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோர் மீது அது படக்கூடாது. அப்படித் தொற்றினாலும் அவர்களுக்கு வருவது சின்னம்மைதான். அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாகப் பரவுவதில்லை.

சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணம் ஒரே வைரஸ்தான். அக்கி கண்ட பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவரான போகாய் கவனித்துச் சொன்னார். சின்னம்மை ஆறிய பிறகு வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டியுள்ள உணர்ச்சி நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் ஒடுங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளரும்போது மீண்டும் எழுகிறது என்ற விளக்கத்தை 1965இல் முன்வைத்தவர் ஹோப்-சிம்ப்சன் என்னும் ஆங்கிலேயப் பொதுமருத்துவர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், தம்மிடம் வந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் கவனித்துக் குறிப்பெடுத்தே அவர் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நான் எப்போதும் மதிப்போடு நினைத்துக்கொள்வேன். ஒரு நரம்பு முடிச்சில் எழும் வைரஸ் அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு வருவதால்தான், கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டைபோல் வரிசையாகத் தோன்றுகின்றன. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே அவ்விடத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடுவதால், மாரடைப்போ பித்தப்பைக் கோளாறோ என்று ஐயுற்று மருத்துவமனைக்கு ஓடுபவர்களும் உண்டு.

இப்போது அந்த எரிச்சலைப் பற்றிச் சொல்கிறேன். வைரஸ் அந்த நரம்பைப் புண்படுத்திச் சென்றிருக்கிறது. அதனால் துணி உரசுவதுகூட வலியாக உணரப்படுகிறது. இந்த வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்று தனி நோயாகவே கருதுகிறோம். வயது கூடக் கூட இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. வழக்கமான வலி மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் போதுவதில்லை. கேபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற, நரம்பு வலிக்கென்றே உள்ள மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தோலின் மேல் ஒட்டிக்கொள்ளும் லிடோகைன் பட்டையும் உதவும். மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலியால் தூங்க முடியாத முதியவர்கள் விரைவில் சோர்ந்து, உணவைக் குறைத்து, பிறரோடு பேசுவதையும் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய வலியை வயதின் புலம்பல் என்று ஒதுக்குவது பெருந்தவறு.

பிற வாசகர்களுக்காக இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். நெற்றியிலோ கண்ணிமையிலோ மூக்கின் நுனியிலோ அக்கி வந்தால் கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதால் அன்றே கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். அடுத்தது தடுப்பூசி. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் 2017இல் வந்த இந்தத் தடுப்பூசி, 50 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரு தவணைகளாகப் போடப்படுகிறது. பரிசோதனைகளில் அக்கி வருவதை 90 விழுக்காட்டுக்கும் மேலாகத் தடுத்தது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஒருமுறை அக்கி வந்தவர்களும், உங்கள் தந்தை உட்பட, நோய் முற்றிலும் ஆறிய பிறகு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு வயது 24. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கீழுதட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, ஒரு வாரத்தில் காய்ந்துவிடுகின்றன. தோல் மருத்துவர் ஹெர்ப்பிஸ் என்று எழுதிக் கொடுத்தார். இணையத்தில் தேடினால் பால்வினை நோய் என்று வருகிறது. நான் எந்தத் தவறும் செய்யவில்லை. விரைவில் எனக்குத் திருமணம். யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் வேதனைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். உதட்டில் வரும் கொப்புளம் பால்வினை நோய் அன்று. ஒருவருடைய ஒழுக்கத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை என்னும் இந்த வைரஸ் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே, பாசத்தோடு முத்தமிட்ட உறவினர் ஒருவரின் எச்சில் வழியாகத் தொற்றியிருக்கும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், இதைச் சுமந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நீங்கள் மணக்கப்போகிறவரின் உடலிலும் இது ஏற்கெனவே இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதே வைரஸின் இரண்டாம் வகைதான் பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியைத் தாக்கி, உடலுறவின் மூலம் பரவுகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் சுமார் 52 கோடிப் பேருக்கு அது இருக்கிறது. உதட்டுக்கு முதல் வகை, பிறப்புறுப்புக்கு இரண்டாம் வகை என்ற பிரிவினை முழுமையானது அன்று. வாய்வழி உறவின் மூலம் முதல் வகையும் பிறப்புறுப்பில் தொற்றக்கூடும், ஆனால் அங்கே அது இரண்டாம் வகையைப் போல அடிக்கடி திரும்புவதில்லை. இரண்டாம் வகைத் தொற்று உள்ளவர்களும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களில் மிகப் பலருக்கு அறிகுறியே இருப்பதில்லை. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று பல நேரங்களில் கண்டறியவும் முடியாது. தினமும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உட்கொள்வதால் துணைக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது நிறுவப்பட்டிருக்கிறது. ஆணுறையும் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. புண் இல்லாத நாட்களிலும் தோலிலிருந்து வைரஸ் வெளிப்படக்கூடும் என்பதால், துணையிடம் வெளிப்படையாகச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து.

உங்கள் நிலைக்கு வருகிறேன். முகத்தின் உணர்ச்சி நரம்பு முடிச்சில் இருக்கும் வைரஸைக் காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மனவுளைச்சல், மாதவிடாய் ஆகியவை எழுப்பிவிடக்கூடும். கொப்புளம் வருவதற்கு முன் அவ்விடத்தில் ஒரு குறுகுறுப்போ எரிச்சலோ தோன்றும். அந்தக் கட்டத்திலேயே மாத்திரை எடுத்தால் நோய் விரைவில் அடங்கும். ஆகவே மருந்தைக் கையில் வைத்திருக்குமாறு உங்கள் மருத்துவர் எழுதித் தரலாம். கொப்புளம் இருக்கும் நாட்களில் முத்தத்தைத் தவிருங்கள். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். வாயின் உட்புறக் கன்னத்திலும் நாக்கிலும் அடிக்கடி வரும் வெண்மையான குழிப்புண் வேறு நோய். அதற்கு ஹெர்ப்பிஸ் காரணம் அன்று.

கேள்வி: உடல் பரிசோதனையின்போது எடுத்த இரத்தச் சோதனையில் எச்.எஸ்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. சிகிச்சை தேவையா?

பதில்: தேவையில்லை. எச்.எஸ்.வி. என்பது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்; ஐ.ஜி.ஜி. என்பது அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். என்றோ ஒருநாள் வைரஸ் உங்கள் உடலுக்குள் வந்திருக்கிறது என்பதைத்தான் அந்த முடிவு சொல்கிறது. அது எங்கே இருக்கிறது, எப்போது வந்தது என்பதையோ, நோய் வருமா என்பதையோ அது சொல்லாது. அளவு எல்லைக்கோட்டை ஒட்டி இருந்தால் தவறான பாசிட்டிவ் ஆகவும் இருக்கலாம். தொல்லை இல்லாதவர்களுக்கு இச்சோதனையை எடுப்பதையே நான் ஆதரிப்பதில்லை. பயன் இல்லாமல் அச்சத்தை மட்டும் உண்டாக்குகிறது. புண் வந்திருக்கும்போது அதிலிருந்தே மாதிரி எடுத்து, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்வதுதான் உறுதியான விடை தரும்.

கேள்வி: நான் மூன்று மாதக் கர்ப்பிணி. குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். சைட்டோமெகலோ வைரஸ் கருவைப் பாதிக்கும் என்று ஒருவர் சொன்னார். வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் உங்களிடம் சொன்னவர் நல்ல செய்தியைத்தான் சொல்லியிருக்கிறார். கர்ப்பிணிகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இந்த வைரஸைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பரம்பரைக் காரணங்களை விட்டுவிட்டால், குழந்தைகள் செவித்திறன் குறைவோடு இருப்பதற்கு முதன்மையான காரணம் கருவிலேயே ஏற்படும் இந்தத் தொற்றுதான்.

கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால், அது நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும் வாய்ப்பு நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கிறது. முன்பே தொற்று வந்திருந்த தாய்மார்களிடம் இந்த வாய்ப்பு மிகவும் குறைவு; என்றாலும் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. தொற்றுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே வளர்கிறார்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் செவித்திறன் இழப்பு முதலிய நீடித்த குறைகள் வரக்கூடும்.

இவ்வைரஸ் சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், வெளியேறிக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தை பார்ப்பதற்கு முழு ஆரோக்கியத்துடன் இருக்கும். எனவே ஈரத்துணி மாற்றிய பிறகும், மூக்கு துடைத்த பிறகும், உணவு ஊட்டிய பிறகும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். குழந்தை உண்ட கரண்டியில் நீங்கள் உண்ணாதீர்கள். கீழே விழுந்த ரப்பர்க் காம்பை உங்கள் வாயில் வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். முத்தத்தை உதட்டில் தராமல் நெற்றியிலோ தலையிலோ தாருங்கள். இதைத் தடுக்கும் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை என்பதால் இந்தப் பழக்கங்களே உங்களுக்குக் காப்பு. பிறந்த குழந்தைக்குச் செவிப் பரிசோதனையில் குறை தெரிந்தால், முதல் 21 நாட்களுக்குள் எச்சில் அல்லது சிறுநீரில் இந்த வைரஸைத் தேட வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் தென்பட்டால், அது கருவில் வந்ததா, பிறந்த பின் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பிறப்புறுப்பில் முதன்முறையாக ஹெர்ப்பிஸ் வந்தால், பிரசவத்தின்போது அது குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகளாக அவ்வப்போது வந்து போகும் ஹெர்ப்பிஸாக இருந்தால் அது மிகக் குறைவு. எதுவானாலும் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பிரசவ வலி தொடங்கும்போது புண் இருந்தால் அறுவை சிகிச்சை மூலம் குழந்தையை எடுப்பார்கள்.

கேள்வி: எனக்கு உதட்டில் கொப்புளம் வந்திருக்கிறது. தங்கைக்குக் குழந்தை பிறந்து பத்து நாட்கள் ஆகின்றன. போய்ப் பார்க்கலாமா?

பதில்: கொப்புளம் முழுவதும் ஆறட்டும், பிறகு போங்கள். பிறந்த முதல் வாரங்களில் இந்த வைரஸ் குழந்தையின் மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். நாள் கழித்துப் போவதால் உறவு குறைந்துவிடாது. கொப்புளம் வந்திருப்பவர் பெற்ற தாயாகவே இருந்தால் முகமூடி அணிந்து, கையைக் கழுவி, முத்தமிடாமல் தாய்ப்பால் கொடுக்கலாம்; மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தில் கொடுக்கக்கூடாது.

கேள்வி: பதினேழு வயது மகனுக்கு இரண்டு வாரமாகத் தொண்டைவலி, காய்ச்சல், கழுத்தில் கட்டிகள். அமாக்ஸிசிலின் கொடுத்ததும் உடல் முழுவதும் சிவந்துவிட்டது. இப்போது எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்கிறார்கள். அது புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் என்று படித்ததிலிருந்து எங்களுக்கு உறக்கமே இல்லை.

பதில்: உங்கள் மகனுக்கு வந்திருப்பது தொற்று மோனோநியூக்ளியோசிஸ் என்னும் காய்ச்சல். எச்சில் வழியாகப் பரவும் இந்த வைரஸ் பெரியவர்களில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டவர்களின் உடலில் இருக்கிறது. சிறுவயதில் வந்தால் அறிகுறி காட்டாமலே போய்விடும். பதின்பருவத்தில் முதன்முறையாக வரும்போதுதான் இவ்வளவு பாடுபடுத்துகிறது. வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் மருந்து இதற்குப் பயன்படாது. அமாக்ஸிசிலின் கொடுத்ததும் உடல் சிவந்தது இந்நோயில் அடிக்கடி காணப்படுவதே. அதை வைத்து அவருக்கு வாழ்நாள் முழுவதும் பெனிசிலின் ஒவ்வாமை என்று முத்திரை குத்திவிடாதீர்கள், பின்னர் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் ஓரிரு வாரங்களில் நிற்கும். சோர்வு சில வாரங்கள் தொடரலாம். இந்நோயில் மண்ணீரல் வீங்குவதால், நோய் தொடங்கியதிலிருந்து குறைந்தது மூன்று நான்கு வாரங்களுக்குக் கால்பந்து, மற்போர் போன்ற, உடலில் அடிபடும் விளையாட்டுகள் கூடவே கூடாது. இடப்பக்க மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி வந்தால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புற்றுநோய் பற்றி நீங்கள் படித்தது உண்மை. ஆனால் பாதி உண்மை. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர், அங்குள்ள குழந்தைகளின் தாடையில் வளரும் ஒருவகைக் கட்டியை விவரித்தார். அவருடைய சொற்பொழிவைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டீன், அந்தக் கட்டியின் உயிரணுக்களை வரவழைத்து வளர்த்து, இவோன் பார், பெர்ட் அச்சாங் ஆகியோருடன் சேர்ந்து 1964இல் அவற்றுள் இந்த வைரஸைக் கண்டார். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாக முதன்முதலில் அறியப்பட்ட வைரஸ் இதுவே. ஆனால் வைரஸ் மட்டும் தனியாக அந்த நோயை உண்டாக்குவதில்லை. ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் இடைவிடாத மலேரியாவும் சேர்ந்தே பர்கிட் கட்டிக்கு வழி செய்கிறது. தென் சீனப் பகுதியில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குப் பரம்பரைக் கூறுகளும் துணைபோகின்றன. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்து, இந்த வைரஸ் தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்னும் நரம்பு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. அந்த நோயே அரிதானது என்பதை மறக்கக்கூடாது. உலகின் வயதுவந்தோரில் பெரும்பாலோர் சுமக்கும் ஒரு வைரஸ் மிகச் சிலருக்கு மட்டுமே இத்தகைய தீங்கு செய்கிறது. உங்கள் மகனும் அந்தப் பெரும்பாலோரில் ஒருவராகவே இருப்பார் என்று எதிர்பார்க்க எல்லாக் காரணமும் உண்டு.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்கு நான்கு நாள் கடும் காய்ச்சல். காய்ச்சல் விட்ட அன்றே உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாகத் தடித்தது. மருந்தின் ஒவ்வாமையா?

பதில்: நீங்கள் சொல்லும் வரிசை ரோசியோலா என்னும் நோய்க்கே உரியது. ஆறாம் வகை ஹெர்ப்பிஸ் வைரஸ் இதற்குக் காரணம். சில நேரம் ஏழாம் வகை. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இதைக் கடந்துவிடுகிறார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வலிப்பு வரலாம் என்பதைத் தவிர அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. தடிப்பு ஓரிரு நாட்களில் மறையும். இந்த வைரஸைப் பற்றி ஒரு வியப்பான உண்மை உண்டு. மனிதரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இதன் மரபுப்பொருள் குரோமோசோமின் நுனியிலேயே இணைந்திருக்கிறது; அவர்கள் அதைப் பெற்றோரிடமிருந்து கண் நிறத்தைப் பெறுவதுபோலப் பரம்பரையாகவே பெறுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு முன்னேறிய மருத்துவத்தால் இந்த வைரஸ்களை ஏன் உடலிலிருந்து அடியோடு நீக்க முடியவில்லை?

பதில்: நம்மிடம் இருக்கும் மருந்துகள் பெருகும் வைரஸை மட்டுமே தாக்குகின்றன, ஒடுங்கியிருப்பதை அவற்றால் தொட முடிவதில்லை. அசைக்ளோவிர் என்னும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்ட்ரூட் எலியனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இம்மருந்து, உட்கொள்ளும் நிலையில் செயலற்றது. ஹெர்ப்பிஸ் வைரஸ் தனக்கென்று செய்துகொள்ளும் தைமிடின் கைனேஸ் என்னும் நொதிதான் அதைச் செயல்படும் வடிவமாக மாற்றத் தொடங்குகிறது. ஆகவே மருந்து வைரஸ் உள்ள உயிரணுக்களில் மட்டும் விழித்தெழுந்து, புதிதாகக் கட்டப்படும் வைரஸ் டி.என்.ஏ. இழைக்குள் புகுந்து, இழை மேலும் நீளாதவாறு நிறுத்திவிடுகிறது. நம் உடலுக்கு இவ்வளவு குறைந்த தீங்கோடு வைரஸை அடக்கலாம் என்று காட்டிய மருந்து இது. எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நரம்பு முடிச்சில் ஒடுங்கியிருக்கும் வைரஸ் அந்த நொதியையும் செய்வதில்லை, தன் டி.என்.ஏ.வையும் பெருக்குவதில்லை. அங்கே மருந்துக்கு வேலையே இல்லை.

நோயை அடியோடு நீக்காவிட்டாலும் இந்த மருந்து காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஹெர்ப்பிஸ் மூளை அழற்சி மிக அரிதாக வருவது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். காய்ச்சலும் தலைவலியும் உள்ள ஒருவர் திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, பழக்கமானவர்களை அடையாளம் காணாவிட்டாலோ, நடத்தை மாறினாலோ, வலிப்பு வந்தாலோ, அதை மனக்கோளாறு என்று எண்ணி வீட்டில் வைத்திருக்காதீர்கள். தண்டுவட நீரின் சோதனை முடிவு வரும் வரை காத்திராமல், இரத்தக்குழாய் வழியாக அசைக்ளோவிரைத் தொடங்கிவிடுவதே மருத்துவ நெறி. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் நினைவாற்றலைத் தின்னும். அதுபோலவே, ஒரு கண் மட்டும் சிவந்து வலித்து, ஒளி பட்டால் கூசினால், வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாக விட்டுக்கொள்ளக் கூடாது. கருவிழியில் ஹெர்ப்பிஸ் இருந்தால் அந்தச் சொட்டு மருந்து புண்ணை ஆழப்படுத்திப் பார்வையையே கெடுத்துவிடும்.

கேள்வி: அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. சிறுநீரகம் தருபவர் நான். இருவருக்கும் சைட்டோமெகலோ வைரஸ் சோதனை எடுத்தார்கள். எனக்கு பாசிட்டிவ், அண்ணனுக்கு நெகட்டிவ். இதனால் நான் தானம் தர முடியாமல் போகுமா?

பதில்: போகாது. உங்கள் தானம் இதனால் தடைபடுவதில்லை. ஆனால் இந்தச் சேர்க்கையில்தான் நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால் மருத்துவர்கள் முன்கூட்டியே தயாராகிறார்கள். உங்கள் சிறுநீரகத்தோடு உங்கள் வைரஸும் அண்ணனின் உடலுக்குள் செல்லும். அவருடைய உடல் அதை இதுவரை சந்தித்ததில்லை. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் மருந்துகளால் எதிர்ப்பாற்றலும் குறைந்திருக்கும். அந்த நிலையில் இவ்வைரஸ் குடல், நுரையீரல், கல்லீரல், விழித்திரை எதையும் தாக்கக்கூடும். ஆகவே அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்களுக்கு வால்கான்சைக்ளோவிர் போன்ற தடுப்பு மருந்து தருவார்கள். மருந்தை நிறுத்திய பின்னரும் நோய் தலைகாட்டலாம் என்பதால், அப்போது வரும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் எதையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடம் எப்ஸ்டீன்-பார் வைரஸ் நிணநீர்ப் புற்றுநோயையும், எட்டாம் வகை வைரஸ் கபோசி சார்கோமா என்னும் கட்டியையும் உண்டாக்கக்கூடும்; கழுத்தில் புதிய கட்டி, தோலில் ஊதாநிறத் திட்டு ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும்.

நாள் குறிப்பதற்கு முன்பு மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அண்ணனுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், சின்னம்மைத் தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால், அதை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரங்கள் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். மாற்று உறுப்பு பொருத்திய பிறகு அதைப் பொதுவாகப் போடமாட்டார்கள்.